கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால்: மூளைக்காய்ச்சலில் டி.என்.ஏ. சோதனை எதைச் சொல்லும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்கு விளங்கட்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் உங்கள் அத்தைக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், தலைவலி. ஓசூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். பேச்சு குழற ஆரம்பித்ததும் பெங்களூருக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். முதுகில் நீர் எடுத்துப் பார்த்ததில் செல் 210, அதில் 80 சதவீதம் லிம்போசைட் என்ற வெள்ளணு. புரதம் 190. சர்க்கரை 28, அதே நேரத்தில் ரத்தச் சர்க்கரை 130. சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் கிராம் ஸ்டெயினில் கிருமி இல்லை, கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் வளர்ச்சி இல்லை, காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட்டும் நெகட்டிவ். இருந்தும் டாக்டர் டிபி மாத்திரையும் ஸ்டீராய்டும் ஆரம்பித்துவிட்டார். வேண்டுமானால் அந்த நீரை மெட்டாஜீனோமிக் சீக்வென்ஸிங் என்ற டி.என்.ஏ. வரிசைச் சோதனைக்கும் அனுப்பலாம் என்கிறார். 'கிருமியே தெரியாதபோது எதற்கு டிபி மாத்திரை? டி.என்.ஏ. டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை நிறுத்தி வைக்கலாமா? அதில் கட்டாயம் தெரிந்துவிடுமா?' என்பது உங்கள் கேள்வி.

நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். நான் பெங்களூரில் ஒரு மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவன். உங்கள் அத்தையை நேரில் பார்க்கும் டாக்டர் இல்லை. மருந்து பற்றிய முடிவு அவருடையதுதான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் அவர் ஏன் காத்திருக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரில் சர்க்கரை சாதாரணமாக ரத்தச் சர்க்கரையில் அறுபது சதவீதம் அளவுக்கு இருக்கும். அத்தைக்கு ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. புரதம் 45-க்குள் இருக்க வேண்டியது, நான்கு மடங்கு ஏறியிருக்கிறது. வைரஸ் காய்ச்சலில் சர்க்கரை இவ்வளவு இறங்குவது அபூர்வம். மூன்று வாரம் இழுத்த காய்ச்சல், லிம்போசைட், இறங்கிய சர்க்கரை, ஏறிய புரதம் என்று நான்கும் சேர்ந்து வந்தால் நம் நாட்டில் எந்த நரம்பியல் டாக்டருக்கும் முதலில் தோன்றுவது காசநோய் மூளைக்காய்ச்சல்தான். பாதி வைத்தியம் பார்த்த சாதாரண பாக்டீரியா மூளைக்காய்ச்சலும் சில சமயம் இந்த வேஷத்தில் வரும். பூஞ்சையும் வரும், கிரிப்டோகாக்கஸ் பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்பதை வைத்துக் காசநோய் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நீரில் டிபி கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். நோய் இருந்தும் எக்ஸ்பர்ட்டில் மாட்டாமல் போகிறவர்கள் கணிசமானவர்கள். இந்த நோயில் ஒவ்வொரு நாள் தாமதமும் மூளைக்குக் கேடு. ஸ்டீராய்டு கொடுப்பதும் சும்மா இல்லை: டிபி மருந்தோடு டெக்ஸாமெத்தசோன் சேர்த்தால் உயிரிழப்பு குறைகிறது என்று வியட்நாமில் 545 பேரிடம் நடந்த ஆய்வு 2004-லேயே காட்டியது.

சரி, கல்ச்சர் ஏன் காலியாக வந்தது? ஓசூரில் போட்ட ஊசி ஒரு காரணம். நரம்பு வழியாக மருந்து ஏறிவிட்டால் மெனிங்கோகாக்கஸ் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், நிமோகாக்கஸ் நாலு மணி நேரம் வாக்கிலும் கல்ச்சரில் வளராமல் போய்விடலாம். ஐந்து நாள் ஊசிக்குப் பிறகு எடுத்த நீரில் அந்த வகைக் கிருமிகள் வளரும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. ஊசி போட்டதைக் குறை சொல்ல மாட்டேன். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்துவிட்டால் பரிசோதனைக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம், டிபி கிருமி கல்ச்சரில் வளர ஆறு வாரம் வரை எடுக்கும். உங்கள் கையில் இருக்கும் 'வளர்ச்சி இல்லை' ரிப்போர்ட் இரண்டு மூன்று நாள் கல்ச்சருடையது, அது டிபியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. டிபி கல்ச்சர் தனியாகப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். இன்னும் சில கிருமிகள் காற்றுப் பட்டால் செத்துவிடும். சில, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வாழும். தட்டில் எத்தனை நாள் வைத்தாலும் வராது.

இந்த இடத்தில்தான் மரபணு வரிசைச் சோதனைக்கு வேலை வருகிறது. கிருமி செத்துப்போனாலும் அதன் டி.என்.ஏ. துண்டுகள் கொஞ்ச நாளாவது அந்த நீரில் கிடக்கும். அதைப் படித்துப் பெயர் சொல்லிவிடலாம். 'டி.என்.ஏ. டெஸ்ட்' என்று எல்லாரும் ஒரே பெயரில் சொல்கிறார்கள், ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரில் நாலு வேறு விஷயங்கள் நடக்கின்றன. குறிப்பிட்ட கிருமியின் டி.என்.ஏ.-வை மட்டும் பெருக்கித் தேடும் பி.சி.ஆர். ஒன்று, உங்கள் ஜீன்எக்ஸ்பர்ட் அந்த வகை. நம் ஊரின் ட்ரூநாட்டும் அதே வகைதான். பெங்களூரில் இருக்கும் பிக்டெக் ஆய்வகத்தில் உருவாகி, கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிப்பது. இரண்டாவது, ஒரே நேரத்தில் பல கிருமிகளைத் தேடும் பேனல். பரவலாகப் பயன்படும் ஒரு மூளைக்காய்ச்சல் பேனலில் 14 இலக்குகள்: ஆறு பாக்டீரியா, ஏழு வைரஸ், ஒரு பூஞ்சை. ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிடும், அருமையான கருவி. ஆனால் அந்தப் பதினான்கில் டிபி இல்லை, உண்ணிக்காய்ச்சல் இல்லை. 'பேனல் முழுக்க நெகட்டிவ்' என்று சொன்னதும் குடும்பத்தார் 'எந்தக் கிருமியும் இல்லையாம்' என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். நீங்களும் ஃபைலில் பேனல் ரிப்போர்ட் இருந்தால் அதில் என்னென்ன தேடினார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவதும் நாலாவதும்தான் உண்மையான வரிசைப்படுத்தல்.

மூன்றாவதன் பெயர் 16 எஸ். எல்லா பாக்டீரியாவிலும் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் உண்டு. அதன் ஒரு பகுதிக்கான மரபணு இது. நீளம் சுமார் 1,500 எழுத்து. இதில் சில பகுதிகள் எல்லா பாக்டீரியாவிலும் அப்படியே மாறாமல் இருக்கும்; இடையிடையே ஒன்பது பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். மாறாத பகுதியைப் பிடித்துப் பெருக்கி, மாறும் பகுதியைப் படித்தால் எந்த பாக்டீரியா என்று சொல்லலாம். எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதே மூலக்கூறை ஒப்பிட்டுத்தான் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோஸ் 1977-ல் ஆர்க்கியா என்று உயிரினத்தின் ஒரு தனிக் கிளையையே காட்டினார். டி.என்.ஏ. வரிசையைப் படிக்கும் சாங்கர் முறை வெளிவந்ததும் அதே 1977-ல்தான். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நோயாளியின் படுக்கை வரைக்கும் வந்து சேரப் பல வருடம் ஆயிற்று.

16 எஸ் சோதனை தன் முழுத் திறமையைக் காட்டுவது உங்கள் அத்தையின் மாதிரி நோயில் அல்ல, மூளைக்குள் சீழ்க்கட்டி வரும்போது. உங்கள் கேள்வியை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், ஆனாலும் சொல்லியாக வேண்டும். பெங்களூர் ஓசூர் ரோட்டில் மூளை நரம்பு ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ் வாசலில் காலையில் நின்றால் தமிழ் நிறையவே காதில் விழும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் தலைக்குள் எது என்றாலும் அங்கேதான் வருகிறார்கள். அப்படி வருகிறவர்களில் காதில் வருடக்கணக்காகச் சீழ் வடிந்த பிள்ளைகளும் உண்டு. 'பெரியவனானால் தானாக நின்றுவிடும்' என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். காதுக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் எலும்பு மெல்லியது; அதை அரித்துக்கொண்டு சீழ் உள்ளே போய்விடும். சொத்தைப் பல், சைனஸ், பிறவியிலேயே உடல் நீலம் பாரிக்கும் இதயக் கோளாறு ஆகியவையும் இதே இடத்தில் கொண்டுபோய் விடும்.

அந்தச் சீழில் பெரும்பாலும் ஒரே ஒரு கிருமி இருக்காது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்டர்மீடியஸ், ஃபியூசோபாக்டீரியம், பிரீவோட்டெல்லா, பார்விமோனாஸ் என்று வாயிலும் தொண்டையிலும் குடியிருக்கும் கூட்டம் மொத்தமாக அங்கே போயிருக்கும். கல்ச்சர் தட்டில் அவற்றில் கெட்டியான ஒன்றிரண்டுதான் வளரும்; காற்று ஆகாதவை வழியிலேயே செத்துவிடும். 2009-ல் பிரான்சின் மார்சேய் நகரத்தில் ஒரு குழு மூளைச் சீழ்களை 16 எஸ் முறையில் படித்தபோது கல்ச்சரில் தெரிந்ததைவிட மிக அதிகமான கிருமிகள் வெளியே வந்தன, அதற்குமுன் அந்த இடத்தில் யாரும் பார்த்தே இராதவை உட்பட. 2014-ல் நார்வேயில் நடந்த ஆய்வும் அதே திசையில்தான் போயிற்று. பழைய சாங்கர் முறையில் இந்தக் கலவையைப் படிப்பது நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்பது போல. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரைபடம் குழம்பிவிடும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் படிக்கும் புதிய முறைகள் வந்த பிறகுதான் அந்தக் கூட்டம் பிரிந்து தெரிகிறது.

இதனால் வைத்தியத்தில் என்ன மாறும் என்று கேட்டால், நேரடியாகவே மாறும். கல்ச்சரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் வந்தால் காற்று ஆகாத கிருமிகளுக்கான மெட்ரோனிடசோல் மருந்தை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். அந்தக் கிருமிகளும் கூடவே இருப்பதை வரிசைப்படுத்தல் காட்டினால் நிறுத்த மாட்டார்கள். நோகார்டியா என்ற பாக்டீரியா வந்தால் மருந்தே வேறு. கோட்ரைமாக்சசோலை மையமாக வைத்து மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் இதற்கெல்லாம் சீழ் சீழாகவே ஆய்வகத்துக்கு வர வேண்டும். பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்பினால் எங்களுக்குக் கிடைப்பது பஞ்சுதான். இதை எத்தனை தடவை சொன்னாலும் பாதிராத்திரி ஆபரேஷனில் இருந்து குச்சிதான் வருகிறது.

இனி நாலாவது, உங்கள் டாக்டர் சொன்ன மெட்டாஜீனோமிக்ஸ். இதில் எந்த மரபணுவையும் முன்கூட்டிப் பிடிப்பதில்லை. நீரில் இருக்கும் எல்லா டி.என்.ஏ.-வையும், சில ஆய்வகங்களில் ஆர்.என்.ஏ.-வையும், துண்டு துண்டாகப் படித்து, மனிதனுடையதைக் கழித்துவிட்டு, மிச்சம் யாருடையது என்று பெரிய தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி எதுவானாலும் மாட்டலாம்.

இதற்குப் புகழ் சேர்த்தது அமெரிக்காவில் விஸ்கான்சினைச் சேர்ந்த 14 வயதுப் பையன் ஒருவனின் கதை. 2014-ல் மருத்துவ இதழில் வந்தது. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை. நாலு மாதத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு வந்து, மூளையில் நீர் கோத்து, வலிப்பு நிற்காமல், மருந்தால் மயக்கத்தில் வைக்கும் நிலைக்குப் போனான். மூளையில் இருந்து சதை எடுத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ குழு அவனுடைய தண்டுவட நீரைப் படித்தது. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகளில் வெறும் 475 துண்டுகள் லெப்டோஸ்பைராவுடையவை. நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதேதான். அங்கே வழக்கமான லெப்டோ சோதனைகளும் அவனுக்கு நெகட்டிவாகவே வந்திருந்தன. பெனிசிலின் கொடுத்தார்கள், 32 நாளில் வீட்டுக்குப் போனான். பிற்பாடு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அந்தக் கிருமிதான் என்று உறுதி செய்தது.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் அடுத்த நாளே இந்தச் சோதனையைக் கேட்பது இயல்பு. ஆனால் கதைக்குப் பிறகு கணக்கு வந்தது, அதையும் பார்க்க வேண்டும். அதே குழு 2019-ல் எட்டு ஆஸ்பத்திரிகளில் 204 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் 58 தொற்றுகள் உறுதியாயின. அவற்றில் 13, ஆஸ்பத்திரியின் வழக்கமான சோதனைகளில் தப்பி, வரிசைப்படுத்தலில் மட்டும் மாட்டியவை. இது பெரிய விஷயம்தான். ஆனால் 26 தொற்றுகளை வரிசைப்படுத்தல் கோட்டைவிட்டது. அதில் 11 ரத்தத்திலோ நீரிலோ எதிர்ப்பொருள் பார்த்து மட்டுமே தெரிந்தவை. ஏழு வேறு இடத்துத் திசுவில் தெரிந்தவை. எட்டில் கிருமி மிகக் குறைவு. 2024-ல் அதே மையம் ஏழு வருட அனுபவத்தை வெளியிட்டது: 4,828 மாதிரிகள், அதில் 14.4 சதவீதத்தில் ஏதோ ஒரு கிருமி. உணர்திறன் 63.1 சதவீதம், தனித்தன்மை 99.6 சதவீதம். அதாவது 'இருக்கிறது' என்று அது சொன்னால் நம்பலாம். 'இல்லை' என்று சொன்னால், உண்மையில் தொற்று உள்ள மூன்று பேரில் ஒருவருக்கு மேல் அது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதுவும் டிபி அபூர்வமாக இருக்கும் ஒரு நாட்டின் கணக்கு. உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் இதற்குள் இருக்கிறது.

டிபியில் இது ஏன் இன்னும் சிரமம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அத்தையின் நீரில் ஒரு மைக்ரோலிட்டரில் 210 செல். அப்படியானால் ஒரு மில்லியில் இரண்டு லட்சத்துக்கு மேல் மனித செல்கள். ஒரு மனித செல்லில் இருக்கும் டி.என்.ஏ., ஒரு டிபி கிருமியில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். அதே மில்லியில் டிபி கிருமி சில பத்துகூட இல்லாமல் இருக்கலாம். படிக்கும் துண்டுகளில் ஏறக்குறைய அத்தனையும் அத்தையுடையவையாகவே இருக்கும். போதாததற்கு டிபி கிருமியின் மெழுகு படிந்த சுவரை உடைத்து உள்ளிருப்பதை வெளியே எடுப்பதே தனி வேலை. நுண்மணிகளைப் போட்டு அடித்துக் குலுக்கினால்தான் அது திறக்கும். எல்லா ஆய்வகமும் இதை ஒரே மாதிரி செய்வதில்லை. ஊசி குத்தும்போது ரத்தம் கலந்துவிட்டால் மனித டி.என்.ஏ. இன்னும் ஏறிவிடும்.

பாசிட்டிவ் என்று வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாத பெயர்கள் உண்டு. சோதனைக்குப் பயன்படும் ரசாயனங்களிலும் சுத்திகரித்த நீரிலும்கூட பாக்டீரியா டி.என்.ஏ. இருக்கிறது என்று 2014-ல் ஒரு ஆய்வு போட்டு உடைத்தது. ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் மாதிரி தண்ணீர், மண் கிருமிகளின் பெயர்கள் ரிப்போர்ட்டில் வந்தால் முதலில் ஆய்வகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். தோலில் இருக்கும் கியூட்டிபாக்டீரியமும் அப்படித்தான், ஆனால் தலையில் ஷண்ட் (நீரை வடிக்கும் குழாய்) வைத்தவருக்கு அது நிஜமான நோய்க்கிருமியாகவும் இருக்கும். அதனால்தான் நல்ல ஆய்வகம் நோயாளியின் நீரோடு வெறும் நீரையும் சேர்த்து ஓட்டி, அதில் என்ன வந்தது என்றும் பார்க்கும். ரிப்போர்ட் வந்தால், அந்த வெற்று மாதிரியில் இதே பெயர் வந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் தயங்கி வந்தால் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைக்கலாம்.

இன்னொரு குறை. கிருமியின் பெயர் தெரிந்தாலும் எந்த மருந்துக்குக் கேட்கும் என்பது 16 எஸ் சோதனையில் தெரியவே தெரியாது. மெட்டாஜீனோமிக்ஸில் எதிர்ப்பு மரபணுக்கள் சில சமயம் தெரியும், ஆனால் துண்டுகள் நிறையக் கிடைத்தால்தான். டிபியில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பை எக்ஸ்பர்ட் பாசிட்டிவாக வந்தால் சொல்லிவிடும். மற்ற மருந்துகள் பலவற்றுக்குக் கல்ச்சரில் வளர்ந்த கிருமிதான் இன்னும் வேண்டியிருக்கிறது. வரிசைப்படுத்தல் வந்துவிட்டதே என்று கல்ச்சரை விட்டுவிடச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. பெயரைப் பிரிப்பதிலும் 16 எஸ் சில இடத்தில் தடுமாறும்: மூளைக்காய்ச்சல் தரும் நிமோகாக்கஸையும் வாயில் சாதுவாக இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸையும் அதை மட்டும் வைத்து நம்பகமாகப் பிரிக்க முடியாது.

இப்போது உங்கள் அத்தைக்கு வருகிறேன். வரிசைப்படுத்தலுக்குப் பணம் கட்டும் முன் செலவு குறைந்த இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன.

ஒன்று உண்ணிக்காய்ச்சல், டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் இது சர்வ சாதாரணம். மூளை உறையையும் தாக்கும். உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பக்கத்தில் பிள்ளைகளுக்கு வருடா வருடம் வந்த மூளைக்காய்ச்சலை நீண்ட காலம் ஜப்பானிய வைரஸ் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடந்த பத்துப் பதினைந்து வருட ஆய்வுகளில்தான் அதில் பெரும்பங்கு இந்தக் கிருமி என்று வெளிப்பட்டது. ஓரியன்ஷியா என்ற இந்தக் கிருமி செல்லுக்குள் வாழ்வது, சாதாரணக் கல்ச்சரில் வராது, தண்டுவட நீரில் டி.என்.ஏ. சிக்காமலும் போகலாம். ரத்தத்தில் ஐ.ஜி.எம். எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனை பார்த்தால் தெரியும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பு மடிப்பு என்று மறைவிடங்களில் வலியில்லாத கருப்புப் பொருக்கு ஏதாவது இருக்கிறதா என்று நர்ஸை வைத்து ஒருமுறை முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள். வயதான பெண்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், ஆண் டாக்டரும் கூச்சப்பட்டு விட்டுவிடுவார். செஃப்ட்ரியாக்சோன் இதற்குக் கேட்காது, டாக்சிசைக்ளின் கேட்கும். சர்க்கரை இவ்வளவு இறங்கியிருப்பது இந்த நோய்க்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை, இருந்தாலும் விட்டுவிடக் கூடாத ஒன்று.

இன்னொன்று, வீட்டில் ஆடு மாடு உண்டா, காய்ச்சாத பால் குடிக்கும் பழக்கம் உண்டா, சமீபத்தில் கன்று கலைந்த மாட்டுக்குப் பிரசவம் பார்த்தார்களா? புருசெல்லா என்ற கிருமி மூளைக்காய்ச்சலாக வரும்போது டிபி மாதிரியே இருக்கும். ரத்தத்தில் சோதனை உண்டு. இந்த விவரத்தை ஆய்வகத்துக்கும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், ஏனென்றால் 16 எஸ் வரிசையில் புருசெல்லாவும் ஓக்ரோபாக்ட்ரம் என்ற சாதாரணக் கிருமியும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆடு மாடு விஷயம் தெரியாதவர் 'இது வெளியிலிருந்து கலந்தது' என்று ஒதுக்கிவிடக்கூடும்.

இவை முடிந்த பிறகு சீக்வென்ஸிங் செய்யலாமா என்றால், கையில் பணம் இருந்தால் செய்யுங்கள் என்பேன். நகையை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டும் என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் செய்ய வேண்டியது, டாக்டர் சம்மதித்தால், இன்னொரு முறை நீர் எடுத்து எக்ஸ்பர்ட் அல்ட்ராவையும் (ஜீன்எக்ஸ்பர்ட்டின் இன்னும் கூர்மையான வடிவம்) டிபி கல்ச்சரையும் திரும்பப் பார்ப்பது. டிபியைத் தேடும்போது நீரின் அளவு முக்கியம். ஒரு மில்லி, இரண்டு மில்லி அனுப்பிவிட்டுக் கிருமி இல்லை என்பதில் அர்த்தமில்லை. ஆறு மில்லியாவது வேண்டும், பத்து கிடைத்தால் நல்லது. 'அவ்வளவு எடுத்தால் இடுப்பு விழுந்துவிடும்' என்று ஊரில் யாராவது சொல்வார்கள். உடம்பில் இந்த நீர் மொத்தம் 150 மில்லி வாக்கில் இருக்கும், ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. எடுத்த பத்து மில்லியை உடம்பு ஒரு மணி நேரத்துக்குள் ஈடுகட்டிவிடும். தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் மட்டும் எடுப்பது ஆபத்து, அதை ஸ்கேன் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

அந்த இரண்டாவது நீரில் ஒரு பங்கை வரிசைப்படுத்தலுக்கு ஒதுக்கினால் போதும், இன்னொரு ஊசி வேண்டாம். ஆனால் பாக்டீரியா கல்ச்சருக்குப் போகும் குழாயை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, மெனிங்கோகாக்கஸ் போன்றவை குளிரில் செத்துவிடும், டி.என்.ஏ. சோதனைக்கான குழாயைக் குளிரில்தான் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே டப்பாவில் கைமாறி அட்டெண்டர் கையில் நாலு மாடி ஏறி இறங்கும் ஆஸ்பத்திரிகளில் இது தலைகீழாகிப் போவதுண்டு. குழாய் மேலே எழுதியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுவது நல்லது.

பதில் வந்ததும் என்ன மாறும் என்று அனுப்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். டிபி என்று வந்தால் இதே மருந்து தொடரும், மனசுக்குத் தெம்பு கிடைக்கும். வேறு கிருமி வந்தால் மருந்து மாறும் அல்லது சேரும். ஒன்றும் இல்லை என்று வந்தால் இதே டிபி மருந்து தொடரும். அந்தக் காகிதத்தைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் சொந்தக்காரர் யாராவது வருவார், அதற்கு இப்போதே தயாராக இருங்கள்.

முதல் முறை எடுத்த நீரில் மிச்சம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் இன்றைக்கே விசாரிக்கச் சொல்லுங்கள். டிபி மருந்து ஏறுவதற்கு முன் எடுத்தது அது, இரண்டாவது நீரைவிட அதற்கு மதிப்பு அதிகம். பெரும்பாலான இடங்களில் ஒரு வாரம் போல வைத்திருந்துவிட்டுக் கொட்டிவிடுவார்கள். வார்டு டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆழ்குளிரில் எடுத்து வைத்துவிடுவார்கள்; சோதனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அப்புறம் நிதானமாக யோசித்துக்கொள்ளலாம்.